படுதா போட்ட ஆட்டோ

பிலோமினா முதன்முதலில் ஒருத்தனை அடித்தபோது அவளுக்கு வயது ஒன்பது. அனுமந்தன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அவள் நடப்பதைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்து காட்டி வகுப்பைச் சிரிக்கவைத்த பையனின் மூக்கைச் சிலேட்டால் உடைத்தாள். ரத்தத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் அலற, அவள் சிலேட்டுச் சட்டம் போய்விட்டதே என்று அழுதாள். தண்டனையாக முழங்கால் போடச் சொன்ன சிஸ்டருக்கு, அந்தக் கால் மடங்காது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலை இரண்டு வயதில் எடுத்துக்கொண்டது. அந்தக் கால் குச்சியாக நின்றுவிட, அதற்குச் சேர வேண்டிய பலமெல்லாம் கைகளுக்கு வந்து சேர்ந்தது. கக்கத்தில் வைக்கும் கட்டையை அவள் நடக்கவும் பயன்படுத்தினாள், பேசவும் பயன்படுத்தினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் "கால் இப்படி இருக்கிறதுக்கு அஞ்சு பவுன் சேத்துப் போடலாம்ல" என்று கேட்ட தரகர் கட்டையால் வாங்கினார். அத்தோடு கல்யாணப் பேச்சும் முடிந்தது. அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தரகர்தான் கொஞ்ச நாள் தோளைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

பதினாறு வயதிலிருந்து முப்பத்து மூன்று வயது வரை திராட்சைப் பெட்டி கட்டினாள். பந்தலுக்கடியில் நின்று குலை வெட்ட அவளால் ஆகாது. வெட்டி வந்த குலைகளைப் பெட்டியில் அடுக்கி, தாள் போட்டு மூடி, சணல் கயிற்றால் கட்டுகிற வேலை. பெட்டிகள் குமுளி மலை ஏறி, வளைவுக்கு வளைவு குலுங்கிக் கோட்டயம் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு கட்டு அவிழ்ந்தாலும் மலையாள வியாபாரி மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் பெட்டிக்கட்டு என்றே ஒரு முடிச்சு அந்தப் பக்கத்தில் உண்டு. இழுக்க இழுக்க இறுகும். ஈரம் பட்டால் இன்னும் இறுகும். அவிழ்க்கிற பேச்சே கிடையாது, கத்தரிக்கோல்தான். பிலோமினா கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று தோட்டக்காரர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார். கூலியை மட்டும் கூட்டித் தரமாட்டார்.

ஒரு நாள் காய்ச்சலோடு உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனாள். மூன்று கிலோமீட்டரும் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. டிரைவரின் இடது காலையே பார்த்துக்கொண்டு போனாள். கிளட்ச், கியர் எல்லாம் இடது கையில். ஆக்சிலேட்டர் வலது கையில். பிரேக் வலது காலில். இடது கால் போகும் வழியெல்லாம் சும்மா கிடந்தது. அந்த மனிதர் அதைச் செருப்பிலிருந்து உருவி, மடக்கி வைத்துச் சொறிந்துகொண்டு வேறு வந்தார். இறங்கும்போது பிலோமினாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

லைசென்ஸுக்கு மூன்று முறை போய்த் திரும்பினாள். நான்காவது முறை, மறுத்த அதிகாரியை வண்டியில் உட்காரவைத்து மைதானத்தை எட்டுப் போட்டுச் சுற்றிக்காட்டி வாங்கினாள். அம்மா செத்த பிறகு பங்குக்கு வந்த சிறு துண்டுத் தோட்டத்தை விற்று ஒரு பழைய டீசல் ஆட்டோ எடுத்தாள். எல்லா ஆட்டோக்காரர்களையும் போலத் தேவாரத்துக்கும் சின்னமனூருக்கும் சவாரி ஓட்டுவதுதான் அன்றைக்கு அவள் நினைப்பு. ராக்கப்பன் குறுக்கே வராதிருந்தால் அப்படித்தான் ஓட்டியிருப்பாள்.

ராக்கப்பனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அறுபது வயது. சர்க்கரை மாத்திரைக்கு ஆஸ்பத்திரி போக பஸ் ஸ்டாப்பில் நிற்பார். ஊனமுற்றோருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் பஸ்ஸில் படி உண்டு, படியில் கூட்டம் உண்டு, கூட்டத்துக்கு அவசரம் உண்டு. அன்றைக்கு ராக்கப்பன் கம்பியைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. அவர் முகம் அடிபட ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த பிலோமினா பஸ்ஸைத் துரத்திப் போய், பெட்ரோல் பங்க் எதிரே ஆட்டோவைக் குறுக்கே போட்டு நிறுத்தி, கண்டக்டரை இறங்கச் சொன்னாள். அவன் இறங்கவில்லை. கட்டை ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று.

அந்த வழக்குக்கு அபராதம் கட்டிவிட்டு வந்த மறுநாள், மெக்கானிக் வினோத்ராஜிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டாள். பின்பக்கத்தை அறுத்து, இரும்புத் தகட்டில் ஒரு சாய்வுப் பலகை வைக்கச் சொன்னாள். பலகையைக் கீழே இறக்கினால் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு ஏறும். உள்ளே சீட்டைப் பாதி எடுத்துவிட்டு ஒரு மெத்தை. வினோத்ராஜ் தலையைச் சொறிந்தார். "இதுல வேற சவாரி ஏத்த முடியாதேக்கா?" என்றார். "வேற சவாரிக்கு ஊரெல்லாம் வண்டி கெடக்குல்ல" என்றாள் பிலோமினா.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்கு. எக்சர்சைஸ், மாத்திரை, புண்ணுக்குக் கட்டு. மாதம் ஒரு திங்கள் தேனி கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க. ஆளுக்குப் பத்து ரூபாய். இல்லாதவர்கள் இல்லை என்று சொன்னால் போதும். மிச்ச நாள் முழுக்கத் தோட்டங்களுக்கு உர மூட்டையும் வாழைக்காயும் ஏற்றி டீசலுக்குச் சம்பாதித்தாள். அனுசுயா இந்த வண்டியில்தான் எட்டு வருஷத்துக்குப் பிறகு ரோட்டைப் பார்த்தாள். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போன ஜீப் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனவள். மொத்தம் ஆறு பேர், நடைக்கு மூன்று பேராக. வண்டி வராத செவ்வாய் என்றால் அந்த ஆறு பேருக்கும் நாலு சுவரும் கூரையும்தான். இதில் கண்ணீர் விட எதுவும் இல்லை. கோபப்பட நிறைய இருக்கிறது. பிலோமினா கண்ணீர் விடுகிற ஜாதி இல்லை.

ஆறாவது ஆள் பெனிஷா. பத்தொன்பது வயது. பிறக்கும்போதே மூளையில் பட்ட அடி. கையும் காலும் முறுக்கிக்கொண்டு நிற்கும், உட்காரவைத்தால் சரிந்துவிடுவாள். பேச்சு வராது. 'ஙே' என்று ஒரு சத்தம். சிரிப்புக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். அப்பன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அம்மா ஜெசி பால்வாடியில் சமையல். பதினைந்து வயது வரை பெனிஷா வாசலைத் தாண்டியதே இல்லை. பக்கத்துத் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது. பிலோமினா போய்க் கேட்டபோது ஜெசி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"யாரும் பாக்கக் கூடாதுக்கா. அது வாயில எச்சி வடியும், கையக் கால இழுக்கும், சனம் நின்னு வேடிக்க பாக்கும். என்னால தாங்க முடியாது. உள்ள புள்ள இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

இதற்கு மட்டும் பிலோமினா எதிர்த்துப் பேசவில்லை. வேடிக்கை பார்க்கிற கண் எப்படிக் குத்தும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நீல நிற ரெக்சின் வாங்கி ஆட்டோவின் மூன்று பக்கமும் படுதா போட்டாள். காற்றுக்குப் பறக்காமல் அடியில் வளையம் வைத்து, சணலால் பெட்டிக்கட்டுப் போட்டாள். பெனிஷாவை ஆஸ்பத்திரிப் பின்வாசலில்தான், ஆள் இல்லாத நேரம் பார்த்து, கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி இறக்குவாள். ஏறும்போது புதுக் கயிறு. ஒரே நடையில் கூட வரும் ராக்கப்பனிடமும் அனுசுயாவிடமும் சத்தியம் வாங்கினாள்: பெனிஷா வண்டியில் இருப்பதை வெளியே வாய் திறக்கக் கூடாது. வண்டிக்குள் மெத்தையில் படுத்தபடி, வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பெனிஷா 'ஙே' என்று சிரிப்பாள். பிலோமினா வேண்டுமென்றே வேகத்தடையில் கொஞ்சம் தூக்கிப் போட்டு ஓட்டுவாள்.

சண்டை ஆஸ்பத்திரி முக்கில் ஆரம்பித்தது. அங்கே ஓர் ஆட்டோ ஸ்டாண்டு. போர்டில் பெயர் இல்லாத வண்டி முக்கிலிருந்து ஆளை ஏற்றக் கூடாது. ஸ்டாண்டுக்கென்று வைத்திருக்கும் ரேட்டை யாரும் குறைக்கவும் கூடாது. ஸ்டாண்டு செயலாளர் கர்ணன். நாற்பது வயது, கட்டை மீசை. கெட்டவன் என்று சொல்ல முடியாது; வண்டிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது மனுஷன் எவ்வளவு நல்லவனாக இருப்பானோ அவ்வளவு நல்லவன். முதலில் தன்மையாகத்தான் வந்து சொன்னான்.

"யக்கா, ஒன் பொழப்புல மண்ணப் போடணும்னு எங்களுக்கு ஆசையா? நீ பத்து ரூவாய்க்கு ஏத்திட்டுப் போற. நூத்தம்பது கேக்குற எங்கள சனம் திருடனப் பாக்குற மாதிரி பாக்குது. ஸ்டாண்டு ரேட்டு வாங்கு. இல்லயா, இங்கன நிறுத்தாத."

"ஏலே கர்ணா, இவுக ஒன் சவாரியாலே? அனுசுயா நாற்காலியப் பாத்ததும் வண்டிய முறுக்கிட்டு ஓடுனவன்தான நீ? நீங்களும் ஏத்த மாட்டீக, ஏத்துறவளயும் விட மாட்டீகளோ?"

"நான் சொல்லிட்டேன்க்கா. பெறகு வருத்தப்படாத."

"நானும் சொல்லிட்டேன். வழிய விடு."

அந்த வாரம் டயரில் காற்றுப் பிடுங்கப்பட்டது. அடுத்த வாரம் பின் டயர் இரண்டும் மடக்குக் கத்தியால் கீறப்பட்டுக் கிடந்தன. அதற்கும் அடுத்த செவ்வாயன்று சாய்வுப் பலகையைக் கீலோடு பெயர்த்து முட்செடிக்குள் வீசியிருந்தார்கள். அனுசுயா ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்; மூத்திரப் பை நிறைந்து சேலையில் வழிந்தது. பிலோமினா அதைப் பார்த்தாள். பிறகு ரோட்டோரம் கிடந்த செங்கல்லை எடுத்தாள். ஸ்டாண்டில் முதலாவதாக நின்றது கர்ணன் வண்டி. முன் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. தடுக்க வந்தவனின் முழங்காலில் கட்டை இறங்கியது. இன்னொருத்தன் அவள் கையைப் பிடித்து முறுக்க வந்தபோது கர்ணன்தான் கத்தினான்.

"ஏலே, அவ மேல கை வைக்காதீக! நொண்டிப் பொம்பளய அடிச்சாம்னு ஊரே காறித் துப்பும். வண்டியப் பாத்துக்கிருவோம்."

போலீஸ் ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து எழுதி வாங்கினாள். கர்ணன் அங்கேயும் நெஞ்சில் கை வைத்து அதையே சொன்னான். "ஆளத் தொட மாட்டோம் மேடம். எங்க ஸ்டாண்டுல அப்படி ஒரு பழக்கமே கெடயாது." அது நிஜம். அந்த ஸ்டாண்டுக்காரர்கள் தங்களுக்குள் எத்தனை சண்டை போட்டாலும் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தொட மாட்டார்கள். ஆளை இறக்கிவிட்டுத்தான் கண்ணாடியை உடைப்பார்கள். அதைத் தர்மம் என்றுகூட நினைத்துக்கொண்டார்கள். வண்டிதான் அந்த ஆறு பேருக்குக் கால் என்பது அவர்களுடைய தர்மத்துக்குள் வரவில்லை.

ஜூன் மாதம் அணை திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். ஆஸ்பத்திரி எதிரே, புங்கை மரத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலில் இடுப்பளவுக்குச் செம்மண் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிலோமினா வண்டியைப் புங்கை நிழலில் நிறுத்தினாள். பெனிஷாவைப் பின்வாசலில் இறக்க ஆஸ்பத்திரி நாற்காலி எதுவும் காலியாக இல்லை. முதலில் அனுசுயாவை அவளுடைய நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பெனிஷா மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகையைத் தூக்கி மூடி, படுதாவின் மூன்று பக்கமும் முடிச்சைச் சரிபார்த்து, காவலுக்கு ராக்கப்பனை வண்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்காரவைத்திருந்தாள்.

சற்று நேரத்தில் ராக்கப்பன் தோளை யாரோ தொட்டார்கள். கேட்டறியாத குரல். "பெரியவரே, வெயில்ல ஏன் கெடக்கீக? வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்." ராக்கப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது, நான் நகரக் கூடாது என்று. ஜெசிக்காகச் செய்த சத்தியம் குறுக்கே நின்றது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். பிள்ளைதான் தூங்குகிறதே, டீக்கடையும் எதிரேதானே என்று எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆளையும் ஸ்டாண்டுக்காரர்கள் மரியாதையாக நகர்த்திவிட்டார்கள்.

கர்ணனும் மூன்று பேரும் வந்தார்கள். படுதா இறங்கிக் கட்டியிருக்கிற வண்டி. பூட்டிய வீடு மாதிரி. ஒருத்தரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இஞ்சினில் தண்ணீர் ஏறினால் ஒரு மாதம் வண்டி எழுந்திருக்காது என்பது கணக்கு. நாலு பேரும் ஒரு பக்கமாகத் தோள் கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்கினார்கள். ஆட்டோ கரையில் ஒரு முறை புரண்டு, இடது பக்கமாக வாய்க்காலில் போய் விழுந்தது.

தண்ணீர் தெறித்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது.

"ஙே!"

டீக்கடையில் ராக்கப்பன் கிளாசைக் கீழே போட்டார். "புள்ள! ஆத்தா பிலோமி, புள்ள! புள்ள உள்ள இருக்குடா!" என்று ரோட்டின் குறுக்கே ஓடினார். லாரி ஒன்று பிரேக் அடித்து அவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் நிற்கவில்லை. அந்தக் கத்தல் ஆஸ்பத்திரி வராந்தா வரை கேட்டது. பிலோமினா நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டையை ஊன்றி எகிறி எகிறி வந்தாள். கரையில் இறங்க நேரமில்லை. உட்கார்ந்து சரிந்து அப்படியே வாய்க்காலுக்குள் விழுந்தாள்.

வண்டி பக்கவாட்டில் கிடந்தது. பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. படுதாவுக்குள் ஏதோ முட்டி மோதியது. சத்தம் வரும், தண்ணீர் குடித்து அடங்கும், மறுபடியும் வரும். பிலோமினா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இறுகியது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள், நகம் பெயர்ந்தது. நனைந்த சணல் இரும்பாகிவிட்டிருந்தது. கத்தரிக்கோல் முன்பக்கப் பெட்டியில், தண்ணீருக்கடியில். பதினேழு வருஷம் ஒரு பெட்டிகூட அவிழாமல் கட்டிய கை, இப்போது தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க முடியாமல் ரத்தம் ஒழுக நின்றது. குனிந்து பல்லால் கடித்தாள். உள்ளே சத்தம் வரவில்லை.

"கத்தியக் குடுலே!" என்று நிமிர்ந்து அலறினாள். "ஏலே கர்ணா, டயர அறுத்தியே, அந்தக் கத்திய எடுத்துட்டு வாலே!"

கர்ணன் கரையில் நின்றுகொண்டிருந்தான். மற்ற மூவரும் ஓடிவிட்டார்கள். அவன் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவள் கூப்பிட்டதும் தடாலென்று குதித்தான். மடியிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து மூன்று முடிச்சையும் அறுத்து, ரெக்சினைக் கிழித்துத் திறந்தான். பெனிஷா மெத்தைக்கும் கூரைக் கம்பிக்கும் நடுவே சிக்கிக் கிடந்தாள். நெற்றி பிளந்திருந்தது. வலது தோள் எலும்பு தோலுக்கடியில் துருத்தி நின்றது. பிலோமினா முடியைப் பற்றி முகத்தைத் தூக்கினாள். இரண்டு பேருமாக இழுத்துக் கரையில் போட்டார்கள். பிலோமினா அவளைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அறைந்தாள். நாலு அறை. ஐந்தாவது அறைக்குச் செம்மண் தண்ணீரைக் கக்கிக்கொண்டு பிள்ளை மூச்சு விட்டது.

ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து பெனிஷாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கர்ணன் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தான். கத்தி இன்னும் கையில் இருந்தது. "உள்ள ஆளு இல்லன்னு நெனச்சேன்க்கா. சத்தியமா ஆளு இல்லன்னு நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிலோமினா கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில். இரண்டாவது அடி வாயில். அவன் கையைத் தூக்கவில்லை, ஓடவும் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. பல் மூன்று மண்ணில் தெறித்தது. அவன் சாய்ந்த பிறகும் விலாவில் அடித்தாள். ஆலமர வேர் கணக்காகப் பருத்த கை அது, சும்மா விடுமா? கூட்டம் சுற்றி நின்றது. யாரும் நெருங்கத் துணியவில்லை. கட்டை நடுவில் முறிந்து போனது. முறிந்த முனையைக் குத்துவதற்கு ஓங்கியபோது ராக்கப்பன் தட்டுத் தடுமாறி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டார்.

"ஆத்தா, போதும்த்தா. நீ செயிலுக்குப் போயிட்டா செவ்வாக்கெழம எங்களுக்கு யாரு வருவா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் கட்டை கீழே விழுந்தது. வெறி இறங்கியதும், கட்டை இல்லாமல் நிற்க முடியாமல் பிலோமினாவும் விழுந்தாள்.

இரண்டு பக்கமும் வழக்கு. கர்ணனும் கூட்டாளிகளும் உள்ளே போய் ஜாமீனில் வந்தார்கள். பிலோமினா ஸ்டேஷனில் தினம் காலை கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. இனிமேல் ஆஸ்பத்திரி முக்கில் அவள் வண்டியை ஒருவரும் தடுப்பதில்லை என்று ஸ்டாண்டில் முடிவெடுத்ததாக வினோத்ராஜ் வந்து சொன்னார். மனம் மாறி ஒன்றும் இல்லை, பயம். பயமாவது இருக்கட்டும் என்றாள் பிலோமினா. வினோத்ராஜ் இஞ்சினைக் குடல் குடலாகப் பிரித்துச் சேறு கழுவினார். வண்டி எழுந்திருக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் அனுசுயாவின் படுக்கைப் புண் எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்டது. மாத்திரை இல்லாமல் ராக்கப்பன் ஒரு நாள் மயங்கி அடுப்படியில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டார். ஜெசியின் வீட்டுக் கதவு சாத்தியபடியே இருந்தது.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. புதுப் படுதா, புதுக் கயிறு, புதுக் கட்டை. ராக்கப்பனையும் அனுசுயாவையும் ஏற்றிக்கொண்டு பிலோமினா ஜெசி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்காமல் இறங்கிப் பலகையைக் கீழே இறக்கினாள். ஜெசி கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வேணாம்க்கா. வீட்டுக்குள்ள கெடந்தாலாச்சும் உசுரோட கெடக்கும். இனி அத எங்கயும் அனுப்ப மாட்டேன்."

 பிலோமினா வாழ்க்கையில் அடிக்கவும் திட்டவும் ஆள் இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. "நாந்தான் கட்டுனேன் ஜெசி" என்றாள். "அவன் தள்ளிவிட்டான். கட்டிப் போட்டது நானு." ஜெசி கதவைச் சாத்தப் போனாள்.

உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். பெனிஷா கட்டிலிலிருந்து விழுந்திருந்தாள். ஆட்டோ இஞ்சின் சத்தம் அவள் காதுக்கு எட்டிவிட்டது. தோளில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். முறுக்கிய காலால் தரையை உதைத்து உதைத்து, கன்னம் சிமெண்டில் உரச, வாசலை நோக்கி உருண்டு வந்தாள். நெற்றித் தையல் விட்டுப்போய் ரத்தம் கண்ணில் இறங்கியது. ஜெசி ஓடிப்போய்த் தூக்கி உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். பெனிஷா அம்மாவின் முன்கையைக் கவ்வினாள். சும்மா கவ்வவில்லை; ஜெசி வலியில் அலறிக் கன்னத்தில் ஓர் அறை விட்டும் பல் எடுபடவில்லை. ஜெசியின் ரத்தமும் பெனிஷாவின் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. கண் மட்டும் வாசலில் இருந்தது, கீழே இறக்கியிருந்த அந்த இரும்புப் பலகையில்.

ஜெசி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, "விடு கழுத, விடு. போ. போய்த் தொல" என்றாள். பல் விட்டது. இரண்டு பெண்களுமாகப் பெனிஷாவை மெத்தையில் கிடத்தினார்கள்.

பிலோமினா பழக்க தோஷத்தில் படுதாவை இழுத்து இறக்கினாள். கயிற்றை வளையத்தில் கோர்க்கப் போனபோது ரெக்சின் உள்ளே இழுபட்டது. பெனிஷா அதன் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் உதறினாள். படுதாவின் தையல் பிரிந்து ஒரு முழம் கிழிந்தது. பிலோமினா விடுவித்தாள், பெனிஷா மறுபடி கவ்வினாள். "ஙே!" என்றாள். அது சிரிப்பா கோபமா என்று இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜெசி கடிபட்ட கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். பிலோமினாவின் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை உருவி, மூன்று பக்கமும் படுதாவை மேலிருந்து கீழாக வெட்டித் தெருவில் எறிந்தாள். பிறகு பிள்ளையின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். அனுசுயா நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.

வண்டி கடைத்தெரு வழியாகப் போயிற்று. காய்கறிக் கடை, செல்போன் கடை, கோயில் வாசல், பஸ் ஸ்டாப். சனம் நின்று பார்த்தது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருத்தி உச்சுக் கொட்டினாள். ஜெசி தலை குனியவில்லை. அம்மாவின் மடியில் தலையை உயர்த்திவைத்திருந்த பெனிஷா, வாயில் எச்சில் ஒழுக, அவர்கள் எல்லாரையும் ஒருவர் விடாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி முக்கில் கர்ணன் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். வாய் வீங்கியிருந்தது. வழியை மறித்து நின்ற வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான். பிலோமினா அவன் பக்கம் திரும்பவில்லை. வேகத்தடையில் வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் போட்டாள். "ஙே!" என்று ஒரு சத்தம் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. உள்ளே ஆள் இருப்பதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்.